தெருவுக்கு ஒரு துரை

எங்கள் தெருவில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியின் பதிவில் மட்டும் கடைக்கு ஒன்று இருந்தது. இதில் பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி ஆள் வந்து பார்த்த நேரத்தில் ஒவ்வொரு கடையிலும் அது இருக்கத்தான் செய்தது.

கம்பெனி ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச் சார். பட்டப்பகலிலும் கையில் டார்ச் இல்லாமல் வரமாட்டார். மீட்டர் பெட்டிக்குள் அடிப்பார், பரணுக்குள் அடிப்பார், கடைக்காரர் கொட்டாவி விட்டால் வாய்க்குள்ளும் அடிப்பார். ஒருமுறை கண்ணாடிக்கடைக்குள் அடித்துவிட்டார். அந்த வெளிச்சம் கண்ணாடிக்குக் கண்ணாடி தாவி, வெளியே போக வழி தெரியாமல் மறுநாள் வரைக்கும் கடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்ததாகக் கண்ணாடிக்காரர் சொல்வார். அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். சாயங்காலத்தோடு நின்றுவிட்டது, நான் பார்த்தேன்.

முன்பெல்லாம் கம்பெனி எதுவும் கேட்காமல் பாலிசி கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கடை எரிந்து, அதற்குப் பணம் கொடுத்துக் கை சுட்ட பிறகு புத்தி வந்தது. கடைக்கு ஒரு சிலிண்டர் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் ஆள் வந்து பார்ப்பார், இல்லையென்றால் பாலிசி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாலிசி இல்லையென்றால் பேங்க் கடன் கிடையாது. கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாலிசி. ஆக, சிலிண்டர் இல்லையென்றால் கடையும் அம்போ, வீடும் அம்போ.

இதைப் பேசித் தீர்க்க எல்லோரும் தெருக்கோடியில் இருந்த பேக்கரியில் கூடினோம். பேக்கரிக்காரர் முந்தின நாள் பன்னை அப்படிப்பட்ட கூட்டங்களில் சும்மா கொடுப்பார். அதைக் கடித்து முடிப்பதற்குள் எவ்வளவு பெரிய விஷயத்தையும் பேசி முடித்துவிடலாம், அவ்வளவு கெட்டி. ஆளுக்கு ஒன்று எதற்கு, தெருவுக்கு ஒன்று போதும் என்று முடிவானது. அந்த யோசனை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு ஆளாளுக்கு என்னுடையது என்றார்கள். பிறகு ஆளாளுக்கு உன்னுடையது என்றார்கள்.

சிலிண்டர் வந்து இறங்கியது. சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, மூலையில் விறைப்பாக நின்றுகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் சுற்றிப் போக வைத்தது. துரை என்று பெயர் வைத்தோம். டார்ச் சார் வராத நாளில் அவருக்கு வீடு கண்ணாடிக்கடை மூலைதான்.

தெருவின் கடைகள் எல்லாம் ஒரே வரிசை. எல்லாக் கடைக்கும் பின்கதவு உண்டு, எல்லாப் பின்கதவும் ஒரே சந்தில் திறக்கும். தெருமுனையில் முதலாவது மெத்தைக்கடை. அடுத்தது என் பூட்டுக்கடை. பிறகு பெயிண்ட்கடை, அச்சகம், கண்ணாடிக்கடை என்று போய்க் கடைசியில் பேக்கரி. டார்ச் சார் ஒழுங்கான மனிதர், முனையிலிருந்து தொடங்கி வரிசை தப்பாமல் வருவார். அவர் முன்வாசல் வழியாக ஒரு கடையை விட்டு இறங்கும்போது துரை பின்வாசல் வழியாக அடுத்த கடைக்குள் நுழைந்திருப்பார். நடுவில் நேரம் வேண்டுமென்றால் வாசலில் டீ கொடுத்து நிறுத்துவோம். வருகிற நாளில் டார்ச் சாருக்கு டீயே ரத்தமாக ஓடும்.

துரையைத் தூக்கிச் செல்வது மெத்தைக்காரர் வேலை. அவர் கடைதான் முதல் கடை என்பதால் அவருக்குத்தான் முதலில் கை ஒழியும். அதோடு, தோளில் சுருட்டிய மெத்தையோடு சந்தில் போகிற மெத்தைக்காரரை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? குழந்தை மெத்தை ஒன்றில் துரையை வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போவார். அவ்வளவு சொகுசாகப் பயணம் செய்த சிலிண்டர் உலகத்தில் வேறு இருக்காது.

ஒரே ஆளை எல்லாக் கடையிலும் பார்த்தால் டார்ச் சாருக்கு முகம் பழகிவிடும் அல்லவா? அதனால் கடைக்குக் கடை வேஷம். அச்சகக்காரர் வேறு வேறு எண் போட்ட ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். கண்ணாடிக்கடையில் நாற்காலி போட்டு அதன்மேல் நிற்க வைப்பார்கள், உயரமாகத் தெரியும். பேக்கரியில் மாவு படக்கூடாது என்ற சாக்கில் உறை போட்டார்கள். பெயிண்ட்கடை அக்கா, ஒவ்வொரு ஆண்டும் டார்ச் சார் வருவதற்கு முன்னால், புதிதாகத் தெரிய வேண்டும் என்று தலைமுதல் கால்வரை ஒரு பூச்சு பூசிவிடுவார். ஒருமுறை கருஞ்சிவப்பு, ஒருமுறை இளஞ்சிவப்பு. பூச்சின்மேல் பூச்சு ஏறி, துரை ஆண்டுக்கு ஒரு சுற்று பெருத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மெத்தைக்காரர் மெத்தையையே பெரிதாக மாற்ற வேண்டியிருந்தது.

"அக்கா, இவருக்குப் பூசுற பெயிண்ட்ட வித்திருந்தா இன்னொரு கடை போட்டிருக்கலாம்" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"போங்கண்ணே. துரை அழுக்கா இருந்தா நம்ம தெருவுக்குத்தான கேவலம்" என்றார் அக்கா.

பேக்கரியின் உறையைத் தைத்துக் கொடுத்தது மெத்தைக்காரரின் மனைவி. நல்ல கெட்டிக் கோடுபோட்ட துணி, முன்பக்கம் பொத்தான்கள், கழுத்தில் ஒரு சுருக்கு. பேக்கரிக்காரருக்கு அவர் கூடப்பிறந்த தங்கை. சின்ன வயதில் அண்ணன் பாப்பா என்று கூப்பிட்டது ஒட்டிக்கொண்டது. காதோரம் நரைத்த பிறகும் தெருவுக்கே அவர் பாப்பாதான்.

பாப்பா மட்டும் துரை ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளவில்லை.

கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. அங்கே ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, மெத்தை உறை தைத்துக்கொண்டிருப்பார். கீழே பஞ்சு மூட்டைகள் உத்தரம்வரை ஏறி நிற்கும். இறங்கிவர ஒரே மரப்படி, அதுவும் அந்த மூட்டைகளுக்கு நடுவில். அந்தக் கடையில் பஞ்சு அடிக்கிற நாளில் தெருநாய் தும்மும். மனிதர்கள் இருமிக்கொண்டே குசலம் விசாரிப்போம்.

"கண்ணாடிக்கடைல தீப்பிடிச்சா என்ன எரியும், கண்ணாடியா?" என்று பாப்பா கணவரிடம் கேட்பது என் கடைவரை கேட்கும். "நம்ம வீட்டப் பாருங்க. நான் உக்காந்திருக்கிறது பஞ்சு மேல."

"பஞ்சு மேல உக்காரக் கொடுத்து வச்சிருக்கணும் பாப்பா. ஊர்ல பாதிப் பேரு பலகை மேல உக்காந்திருக்கான்."

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எனக்கு வளையல் வேண்டாம், சேலை வேண்டாம். ஒரு துரைய வாங்கி நம்ம வீட்டோட வைங்க. ஊர் சுத்தாத துரையா பாத்து வாங்குங்க."

"இந்தக் கல்யாண சீசன் முடியட்டும்."

"சீசன் எல்லாம் முடிஞ்சுதான் போகுது. நீங்கதான் அப்படியே இருக்கீங்க."

மெத்தைக்காரர் சிரித்துவிட்டு மெஷினைப் போட்டுவிடுவார். பஞ்சடிக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால் பிறகு எதுவும் கேட்காது. அவருக்கு அது ஒரு சௌகரியம். அவர் கெட்டவர் இல்லை. பாப்பா கேட்டதை இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. அப்புறம் என்றுதான் சொல்வார்.

இடையில் ஒரு ஆண்டு பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது. ஜன்னலுக்குக் கம்பி போட்டு, பின்கதவுக்கு நல்ல பூட்டும் போட்டால் பாலிசித் தவணையில் தள்ளுபடி உண்டு என்று டார்ச் சார் சொன்னார். மெத்தைக்காரர் மேல்வீட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டார். பின்கதவுக்கு என்னிடம்தான் பூட்டு வாங்கினார். நல்ல பூட்டு. ஒரு யானை கட்டி இழுத்தும் விடவில்லை என்று சொல்லித்தான் அந்த ரகத்தை விற்பேன். யானையைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது. பூட்டைப் பற்றிச் சொன்னது உண்மை.

அடுத்த ஆண்டு டார்ச் சார் வந்தது வெயிலில்லாத ஒரு காலைப் பொழுதில். மெத்தைக்கடை மூலையில் துரை புதுப் பூச்சோடு பளபளவென்று நின்றார். டார்ச் சார் அவர் முகத்தில் வெளிச்சம் அடித்து, சரி என்று தலையாட்டினார். பிறகு பஞ்சடிக்கும் மெஷின் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் சூடாகுதான்னு பாக்கணும். கொஞ்சம் போடுங்க."

மெத்தைக்காரர் மெஷினைப் போட்டார். பழைய மெத்தை ஒன்றைப் பிரித்து, அதன் பஞ்சை மெஷின் வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். அது அரைபட்டது. டார்ச் சார் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், தும்மினார், என் கடைக்கு இறங்கி வந்தார். நான் டீயை நீட்டினேன்.

அவர் முதல் மடக்கு குடிப்பதற்குள் துரை என் பின்கட்டுக்கு வந்தாக வேண்டும். மெத்தைக்காரர் அவசர அவசரமாகத் துரையைச் சுருட்டித் தோளில் போட்டார். டார்ச் சார் எதையாவது மறந்து திரும்பிப் போனால் சந்துவரை எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று பின்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மெஷினை நிறுத்த மறந்துவிட்டார். அது அவருக்கு ஓடிக்கொண்டே இருக்கிற சத்தம். காதுக்குள்ளேயே குடியிருக்கிற சத்தத்தை யார் கவனிப்பார்கள்?

மேலே பாப்பாவும் கவனித்திருக்க மாட்டார். கீழே மெஷின் ஓடினால் கணவர் கீழே இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

துரை என் கடை முடித்து, பெயிண்ட்கடை முடித்து, அச்சகம் முடித்து, கண்ணாடிக்கடையில் நாற்காலி ஏறி இறங்கினார். எனக்குக் கை ஒழிந்துவிட்டதால் பேக்கரியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பேக்கரிக்காரர் கேக் தட்டுகளுக்குப் பக்கத்தில் துரையை நிறுத்தி, உறை போட்டுப் பொத்தான் மாட்டினார். பின்கதவுக்கு வெளியே மெத்தைக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, முடிந்ததும் துரையை வீட்டுக்கு அழைத்துப் போகக் காத்திருந்தார்.

டார்ச் சார் உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், உறையைத் தொட்டார்.

"இது நல்லா இருக்கே. எல்லாரும் இப்படி ஒரு உறை போட்டு வைக்கலாம்."

"தங்கச்சி தச்சுக் குடுத்தது சார்" என்றார் பேக்கரிக்காரர், பெருமையாக.

அப்போதுதான் அச்சகக்காரர் சந்துப் பக்கமிருந்து கத்திக்கொண்டு வந்தது கேட்டது. "மெத்த, உன் கடைல புகை. உன் கடைல புகைய்யா."

பழைய மெத்தைக்குள் என்ன கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? ஊசியோ ஆணியோ, மெஷின் பல்லில் பட்டுப் பொறி பறந்திருக்கும். மூட்டைப் பஞ்சு உடனே கொழுந்துவிட்டு எரியாது. முதலில் உள்ளுக்குள் கனிந்து புகையைத்தான் தள்ளும். அது அமைதியான வேலை.

மெத்தைக்காரர் பின்கதவு வழியாகப் பேக்கரிக்குள் வந்தார். நேராக வந்து துரையின் கழுத்தைப் பிடித்தார்.

டார்ச் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மெத்தைக்கடைதான? உங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே. காலைல பாத்தனே. இது இவங்களோடது."

அவர் சொன்னதில் தப்பு கிடையாது. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அந்தத் தெருவில் கடைக்கு ஒரு சிலிண்டர் இருந்தது.

மெத்தைக்காரர் மைத்துனரைப் பார்த்து, "மச்சான், அவ மேல இருக்கா" என்றார்.

பேக்கரிக்காரரின் இரண்டு கையும் உறைமேல் இருந்தன. எடுக்கவில்லை. அவர் கண் ஒரு தடவை டார்ச் சார் பக்கம் போய் வந்தது.

"உன்னோடது உன் கடைல இருக்குல்ல மாப்ள. அத எடு" என்றார்.

யாராவது கேட்டால் சொல்ல வேண்டியது என்று நாங்கள் எல்லோரும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் அது. அவரவர் சிலிண்டர் அவரவர் கடையில் இருக்கிறது. அவ்வளவு நன்றாகப் பாடம் பண்ணியிருந்தோம், அது தானாகவே வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மெத்தைக்காரர் இழுத்தார். பேக்கரிக்காரர் விடவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு கேக்கை வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற நேரம் இருக்கும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன். என் கையில் பன் இருந்தது. பிறகு உறையின் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. துரை மெத்தைக்காரர் கைக்குப் போனார், உறை பேக்கரிக்காரர் கையில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "பாப்பா" என்று ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளையையும் முந்திக்கொண்டு தெருவில் ஓடினார், கையில் உறையோடு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் புகை கம்பளம் மாதிரி தொங்கியது. மேல் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பாப்பா இறங்க முயன்றிருக்கிறார். மெத்தைக்காரர் துரையை நிறுத்தி, கைப்பிடியில் செருகியிருந்த பாதுகாப்புப் பின்னை இழுத்தார். பின் வரவில்லை. மறுபடி இழுத்தார். பெயிண்ட்கடை அக்கா ஆண்டாண்டாகப் பூசிய பூச்சு எல்லாம் பின்னையும் கைப்பிடியையும் கழுத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்தது. அச்சகக்காரர் இடுக்கி கொண்டுவந்தார். பெயிண்ட் பத்தையாக உரிந்தது. சிவப்புக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் சிவப்பு. பின் வரவில்லை. மெத்தைக்காரர் துரையைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். அப்படியும் ஒரு பொட்டுத் தூளும் கக்கவில்லை.

பேக்கரிக்காரர் உறையைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போனார். மூட்டை ஒன்று சரிந்து வழியை மறித்ததில் திரும்பி வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். கண்ணாடிக்காரர் சந்துப் பக்கம் ஓடிப் பின்கதவை உடைக்கப் பார்த்தார். அது நல்ல பூட்டு என்று முன்பே சொன்னேன். சாவி மெத்தைக்காரர் இடுப்பில் இருந்தது என்பது அவர் உட்பட எல்லோருக்கும் மறந்துவிட்டது. நினைவு வந்து திறந்தபோது பாப்பா படியின் கடைசி மரத்தில் உட்கார்ந்திருந்தார், தலையைப் பஞ்சு மூட்டையில் சாய்த்துக்கொண்டு. தீ அவரைத் தொடவேயில்லை. தலைமுடியில் ஓர் இழைகூடப் பொசுங்கவில்லை. உயிரை எடுத்தது முழுக்க முழுக்கப் புகைதான்.

கடையும் மேல்வீடும் முழுவதும் எரிந்தது அதற்குப் பிறகுதான்.

கம்பெனியிலிருந்து நஷ்டம் மதிப்பிட வேறொருவர் வந்தார். கடை வாசலில் கரி பிடித்து நசுங்கிக் கிடந்த சிலிண்டரைப் படம் எடுத்துக்கொண்டார். பயன்படுத்த முயன்ற அடையாளம் இருக்கிறது என்றார். டார்ச் சாரும், தீப்பிடித்த அன்று காலை அதே கடையில் அதை நேரில் பார்த்ததாக உறுதி சொன்னார். வேறு எப்படிச் சொல்வார்? மாற்றிச் சொன்னால் அத்தனை ஆண்டும் அவர் டார்ச் அடித்துப் பார்த்தது எதை என்று ஒரு கேள்வி வரும். ஆக, அந்தத் தெருவில் நிபந்தனைப்படி சிலிண்டர் வைத்திருந்ததாக ஆதாரத்தோடு நிரூபணமான ஒரே கடை எரிந்துபோன கடைதான். கம்பெனி ஒரு குறையும் வைக்காமல் பணம் கொடுத்தது. மற்ற கடைக்காரர்கள் தீப்பிடித்த நாள் சாயங்காலமே ஆளுக்கொரு சிலிண்டர் வாங்கி வைத்தோம். யாரும் எதற்கும் பெயர் வைக்கவில்லை.

பேக்கரிக்காரர் கடையைத் திறந்தார். ஆனால் ரொட்டியில் உப்பு இருக்காது, அல்லது உப்பு மட்டும்தான் இருக்கும். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. பெயிண்ட்கடை அக்கா தினமும் போய் அவரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு வருவார்.

"உன்னால இல்லப்பா. எப்படியும் அது வேலை செஞ்சிருக்காது. என் பெயிண்ட்டுதான். பழி என்னோடது. நீ சாப்பிடு."

சொல்லிச் சொல்லிப் பேக்கரிக்காரருக்கும் அது பிடிபட்டுவிட்டது. ஒருநாள் துணிந்து மாப்பிள்ளையைப் பார்க்கப் போனார். மெத்தைக்காரர் அப்போது எரிந்த கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தினமும் கூட்டுவார். கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நான் என் கடை வாசலில் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள" என்றார் பேக்கரிக்காரர். வாசலிலேயே நின்றார்.

"வாங்க மச்சான்."

"நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பின்னு வரவே இல்ல, பாத்தல்ல? நான் அந்த நிமிஷமே குடுத்திருந்தாலும் அது வந்திருக்காது. அக்காகூட சொல்லுது. என்ன பண்ணியிருந்தாலும்…"

"ஆமா மச்சான். வந்திருக்காது."

பேக்கரிக்காரர் மூச்சு விட்டார். அத்தனை நாளில் அவர் மூச்சு விட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

மெத்தைக்காரர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். "ஆனா அது உங்களுக்கு அப்பத் தெரியாதே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி கூட்டத் தொடங்கினார். பேக்கரிக்காரர் திரும்பித் தன் கடைக்கு நடந்தார்.

மெத்தைக்காரர் பஞ்சை அதற்குப் பிறகு தொடவில்லை. கம்பெனி கொடுத்த பணத்தில் கடையைக் கட்டினார். மேலே வீடு கட்டவில்லை, தளத்தோடு நிறுத்திவிட்டார். எங்கேயோ போய்ச் சிலிண்டர் வேலை கற்றுக்கொண்டு வந்தார். கீழே வரிசை வரிசையாகச் சிவப்புச் சிலிண்டர்கள். நிரப்பிக் கொடுப்பார், பழுது பார்ப்பார், ஒவ்வொரு மாதமும் பிறந்தவுடன் தெருமுனையில் தொடங்கி ஒவ்வொரு கடையாக வந்து சோதிப்பார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கடைக்கு வந்தால் பின்னைத் தொட்டுப் பார்ப்பார், அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பார், தூக்கி எடை பார்ப்பார். "நல்லா இருக்குண்ணே" என்பார். நான் டீ கொடுப்பேன், குடிப்பார். பெயிண்ட்கடை அக்கா கடையில் அதே மாதிரி. அக்கா ஒவ்வொரு தடவையும் அழுவார், அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போவார்.

பேக்கரியில் மட்டும் முறை வேறு.

முதல்முறை நடந்தபோது நான் அங்கே இருந்தேன். மெத்தைக்காரர் உள்ளே வந்தார். கேக் தட்டுகளுக்குப் பக்கத்தில் புதுச் சிலிண்டர் நின்றது, அதே உறைக்குள். பேக்கரிக்காரர் அதைத் துவைத்து, தெறித்த பொத்தான்களைத் தேடிப் பொறுக்கித் தானே தைத்திருந்தார். கோணல்மாணலான தையல். மெத்தைக்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாக மெதுவாக அவிழ்த்தார். உறையை எடுத்து, மடித்து, பக்கத்துப் பெஞ்சில் வைத்தார். பின்னை உருவினார். பிறகு குழாயை ரொட்டித் தட்டுகள் பக்கம் திருப்பி அமுக்கினார்.

வெள்ளைத் தூள். ரொட்டிமேல், பன்மேல், கேக்மேல், கண்ணாடி அலமாரிக்குள், பேக்கரிக்காரரின் தலைமேல். சிலிண்டர் தீரும்வரை அமுக்கினார். வாங்க வந்திருந்த பெண்மணி ஒருவர் தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்றார், குறையொன்றும் சொல்லாமல் பையை உதறிக்கொண்டு போனார்.

"வேலை செய்யுது மச்சான்" என்றார் மெத்தைக்காரர்.

"சரி மாப்ள" என்றார் பேக்கரிக்காரர்.

சாயங்காலம் அதே சிலிண்டரை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்தி, உறையைப் போட்டுப் பொத்தான் மாட்டிவிட்டுப் போனார் மெத்தைக்காரர். நிரப்பின கூலியைப் பேக்கரிக்காரர் எடுத்து நீட்டினார், மெத்தைக்காரர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும் அதேதான். தெருவுக்குப் பழகிவிட்டது. மாதம் பிறக்கும் அன்று பேக்கரியில் யாரும் எதுவும் வாங்கப் போவதில்லை. "அன்னிக்கு மட்டும் கடைய மூடி வைங்களேன், இல்ல ஒண்ணும் போடாமலாவது இருங்க" என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

பேக்கரிக்காரர் என்னை ஏதோ புரியாத பாஷை பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

டார்ச் சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு இளவயதில் ஒரு பெண் வந்தாள், கையில் டார்ச் இல்லாமல். தெரு முழுவதும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேக்கரிக்கு வந்தவள் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாசாமாசம் நிரப்பியிருக்கீங்களே! நான் பாத்த கடைங்கள்லயே இவ்வளவு அக்கறையா வச்சிருக்கிறது உங்க கடைதான் சார்" என்றாள். தவணையில் தள்ளுபடிக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னாள். உறையைத் தடவிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டாள். பேக்கரிக்காரர் ஒரு பொத்தானைச் சரியாக மாட்டினார்.

இப்போதும் நடக்கிறது. மாதம் பிறக்கும் காலையில் அவர் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். அன்றைக்கு மட்டும் ரொட்டியில் உப்பு சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். தின்று பார்த்தவர் யாரும் இல்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாசனை அப்படி. தெரு முழுவதும் வரும். நன்றாக உப்பிய ரொட்டிகளாகப் பொறுக்கி எடுத்து முன்தட்டில் அடுக்குகிறார். எல்லாம் தயாரானதும் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார். மெத்தைக்காரர் உள்ளே வந்து முதல் பொத்தானை அவிழ்க்கிறார்.